கதையைச் சொல்லு, அப்புறம் கணக்கு

சாயங்கால பஸ் எங்கள் நீலகிரி ஊரான கிளென்மார்கனுக்குள் திரும்பும்போது, பனிமூட்டத்தில் முதலில் விளக்கு தெரியும். பஸ் அப்புறம்தான் தெரியும். அது வந்து நின்ற பத்து நிமிஷத்தில் என் வீட்டு வாசலில் நாலு ஜோடி நனைந்த ஷூ கிடக்கும். உள்ளே நாலு பை. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு தாள். ஒன்று பி.எஸ்சி. இயற்பியல், ஒன்று பி.காம்., ஒன்று வேதியியல், நாலாவது எதுவாகவும் இருக்கலாம். "நாளைக்குக் குடுக்கணும் சார்" என்பதுதான் எல்லாத் தாளுக்கும் பொது. இத்தனை வருஷத்தில் "அடுத்த வாரம் குடுத்தா போதும்" என்று யாரும் வந்ததில்லை.

தொழிலால் நான் வாத்தியார் இல்லை. தேயிலை எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர். வருகைப் பதிவான செக்ரோல் எழுதுவது, கொழுந்து எடையைப் பதிவது, சம்பளக் கணக்குப் போடுவது என்று முப்பது வருஷம் ஓடியிருக்கிறது. தொழிலாளர் லைன் வீட்டுப் பெரியம்மாக்களுக்கு நான் இன்றைக்கும் 'ரைட்டரய்யா'. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு 'சார்'. படித்தது ஊட்டி அரசு கலைக் கல்லூரியில், பி.எஸ்சி. கணிதம். வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ் நிற்கும் அதே வளாகம்தான். கல்லூரி வந்தது 1955-இல். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. ரைட்டர் வேலை கிடைத்தது, சேர்ந்துவிட்டேன்.

டியூஷன் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆபீஸில் கூட வேலை பார்த்தவரின் மகள் துணைப்பாடக் கணிதத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தேன், பாஸ் ஆகிவிட்டாள். அடுத்த வருஷம் அவள் தோழி காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தோடு வந்தாள். "நான் இது படிச்சதில்லைம்மா" என்றேன். "சம்பளக் கணக்கெல்லாம் நீங்கதானே சார் போடறீங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு அவள் புத்தகத்தை நான் படித்தேன், மறுநாள் அவளோடு சேர்ந்து உட்கார்ந்தேன். அதிலிருந்து இப்படித்தான்: பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால், சில நாள் ஒரு பக்கம் முன்னால்.

தெரியாத பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பது நன்றாகத் தெரிந்தவருக்கு மறந்துபோயிருக்கும். நேற்று இரவு நானே அங்கே விழுந்திருப்பதால் எனக்கு மறந்திருக்காது. ராமானுஜன்கூடச் சென்னையில் வேலை கிடைப்பதற்கு முன் டியூஷன் எடுத்துப் பிழைக்கப் பார்த்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் எஃப்.ஏ. பரீட்சையைக் கோட்டைவிட்டவர் அவர். பல பாடம் சேர்ந்து ஒரு மனிதனை எப்படி அமுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

என் மேஜையில் ஒரு விதி உண்டு. தாளை மேஜைமேல் கவிழ்த்து வை, பேனாவைக் கீழே வை, கதையைச் சொல்லு. கணக்கில் என்ன நடக்கிறது? யார், என்ன செய்கிறார்கள்? எது கொடுத்திருக்கிறது, எது கேட்கிறார்கள்? எண்ணே வேண்டாம், தமிழில் சொன்னால் போதும். பிள்ளைகளுக்கு இது பெரிய தண்டனை. எண்ணைக் கண்டதும் ஃபார்முலாவுக்குள் தூக்கிப்போடத்தான் கை துடிக்கும். கதையைச் சொல்லச் சொன்னால் வாய் அடைத்துக்கொள்ளும்.

வாய் அடைப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பன்னிரண்டாவதுவரை தமிழ் வழி. கல்லூரியில் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். லைன் வீட்டுப் பிள்ளைகள் சிலரின் தாத்தா பாட்டி 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கல்லூரிப் படியை மிதித்த முதல் தலைமுறை இந்தப் பிள்ளைகள்தான். படகர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஹட்டி ஊரில் படகு மொழி, பள்ளிக்கூடத்தில் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ் என்று மூன்று மாடி ஏறவேண்டும். அப்படி ஒரு பெண்ணிடம், "சரி, உன் பாஷையிலேயே சொல்லு" என்றேன். எனக்குப் படகு பாதிதான் புரியும். அவள் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, "ஐயோ சார், நான் கண்டுபிடிக்க வேண்டியதையே கொடுத்ததுன்னு எழுதிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவே இல்லை. என்னால் நடந்த காரியம் என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

வருகிற தப்புகளில் பெரும்பாலானவை பாடத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். பாடத்திலேயே இருக்கிற தப்பு வேறு வகை, அதற்கு வேறு வைத்தியம். ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு நாளைக்குக் கொடுக்கவேண்டிய தாளோடு வருகிற பிள்ளையிடம் முதலில் தேடவேண்டியது வாசிப்புத் தப்பைத்தான்.

எங்கள் ஊரே ஒரு கணக்குப் புத்தகம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பைக்காரா பக்கத்துத் தண்ணீர் கிளென்மார்கன் நீர்த்தேக்கத்துக்கு வந்து, இங்கிருந்து குழாய் வழியாகச் சரிவில் இறங்கி, கீழே சிங்காராவில் இருக்கும் பவர் ஹவுஸுக்குப் போகிறது. ஏறக்குறைய 3,000 அடி வீழ்ச்சி. 1932-இல் அது ஓடத் தொடங்கியபோது உலகத்திலேயே உயரமான வீழ்ச்சி கொண்ட மின்நிலையங்களில் ஒன்று. அந்தக் கரண்ட் கோயம்புத்தூர் மில்களுக்குப் போய்ச் சேர்ந்த கதை தனி. பவர் ஹவுஸ் ஆட்கள் இங்கிருந்து கீழே இறங்க, மலைச் சரிவில் தண்டவாளம் போட்டுக் கம்பியில் இழுக்கும் விஞ்ச் இருக்கிறது. இந்த ஊரில் குழந்தைக்குக்கூட 'விஞ்ச்' என்றால் தெரியும். மழைக்காலத்தில் எங்கள் ஊரிலேயே கரண்ட் போய்விடும் என்பது வேறு விஷயம். அதைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சலித்துவிட்டது.

இயற்பியல் படிக்கிற பையன் ஒருவன், தண்ணீர் பீச்சிச் சுற்றவைக்கும் பெல்ட்டன் சக்கரக் கணக்கோடு வந்தான். புத்தகத்தில் ஏதோ ஒரு வீழ்ச்சி, ஏதோ ஒரு ஜெட். அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அதை விடு. நம்ம சிங்காராவுக்கே போடு. 3,000 அடி. குழாய் உராய்வை மறந்துடு. கீழே நாசில்ல தண்ணி என்ன வேகத்துல பீச்சும்?"

இரண்டு ஜி ஹெச், அதற்கு வர்க்கமூலம். பையனுக்கு ஃபார்முலா தண்ணீர் பட்டபாடு. இரண்டு, 9.8, 3,000. கால்குலேட்டரைத் தட்டினான். 242. "வினாடிக்கு 242 மீட்டர் சார்."

"மணிக்கு எவ்வளவு?"

"870 கிலோமீட்டர்." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் சந்தோஷப்பட்டான். விமான வேகம் அல்லவா.

"கதையைச் சொல்லு."

"தண்ணி மேல இருக்கு. 3,000 அடி கீழ…" என்று ஆரம்பித்தவன் 'அடி' என்ற சொல்லில் நின்றான். 9.8 என்பது மீட்டர் கணக்கு. 3,000 என்பது அடி. அடியை மீட்டராக்கினால் 914. வர்க்கமூலம் 134. வினாடிக்கு 134 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர். அத்தோடு விடவில்லை. "இப்ப அடியிலேயே போட்டுப் பாரு, ஜி 32." 438 அடி வந்தது. மீட்டராக மாற்றினான். மறுபடி 134-க்குப் பக்கத்தில். இரண்டு வழியில் போய் ஒரே வீட்டுக் கதவைத் தட்டுகிற சுகம் அவன் முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்தக் கணக்கின் அடுத்த பகுதிதான் எனக்குப் பிடித்தது. சக்கரத்தின் கிண்ணங்கள் என்ன வேகத்தில் சுற்றினால் அதிக சக்தி கிடைக்கும்? ஜெட்டின் வேகத்தில் பாதி என்று புத்தகம் சொல்கிறது. ஏன் பாதி? பையன் வகைக்கெழு எடுத்து, பூஜ்யத்துக்குச் சமன்படுத்திக் காட்டினான். சரியான வழிதான், ஆனால் அவனுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. நான் இப்படிக் கேட்டேன்: "கிண்ணம் அசையாம நின்னா?" தண்ணி அடித்துத் திரும்பி அதே வேகத்தில் பின்னால் பாயும், வேலை ஒன்றும் நடக்காது. "கிண்ணமும் தண்ணி வேகத்துலயே ஓடினா?" தண்ணி அதை எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. நடுவில், பாதி வேகத்தில் கிண்ணம் ஓடினால், கிண்ணத்தின்மேல் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தண்ணீர் பாதி வேகத்தில் வந்து, பாதி வேகத்தில் பின்னால் திரும்பும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு? முன்னால் பாதி, பின்னால் பாதி, கழிந்துபோகும். தண்ணீர் வேகமே இல்லாமல் தொப்பென்று கீழே விழும். தன்னிடம் இருந்தது எல்லாவற்றையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. கலிபோர்னியாவில் லெஸ்டர் பெல்ட்டன் 1880-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய கிண்ணத்தின் நடுவில் ஒரு வரப்பு இருக்கும். அதில் பட்டு ஜெட் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வளைந்து திரும்பும். பையன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கிண்ணம்போல வைத்துக் காட்டினான். நான் தலையாட்டினேன்.

பிறகு ஒரு நாள், விஞ்ச் பக்கம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது, "ஒரு வினாடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணி போனா கிட்டத்தட்ட ஒன்பது மெகாவாட் சார்" என்றான். நான் கேட்கவே இல்லை.

தேயிலைக் கணக்கு இன்னும் பெரிய கூத்து. அது ஒரே ராத்திரியில் இரண்டு பாடத்திலிருந்து வந்தது.

வேதியியல் படிக்கிற பெண்ணுக்கு வந்த கேள்வி இது: 100 கிலோ பச்சைக் கொழுந்து, அதில் ஈரம் 77 சதவீதம். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, டிரையரில் உலர்த்திய பிறகு தூளில் ஈரம் 3 சதவீதம். எவ்வளவு தூள் கிடைக்கும்? அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள். 77-இலிருந்து 3 போனால் 74. நூறிலிருந்து 74 போனால் 26. விடை 26 கிலோ.

அவளுக்கு எதிரே பி.காம். பையன். அவன் தாளில் பிராசஸ் காஸ்டிங். நூறு கிலோ மூலப்பொருள், கிலோ 20 ரூபாய். கூலியும் விறகும் சேர்த்து 600 ரூபாய். நார்மல் லாஸ் 75 சதவீதம். கையில் கிடைத்த உற்பத்தி 24 கிலோ. ஒரு கிலோவின் அடக்கவிலை என்ன? அவன் 2,600-ஐ 24-ஆல் வகுத்து 108 ரூபாய் 33 காசு என்று போட்டிருந்தான்.

இரண்டும் தப்பு. அவன் தப்பை முதலில் எடுத்தேன், அது சுலபம். "75 கிலோ போறது யாருடைய குத்தம்?" "யாரோடதும் இல்ல சார், அது நார்மல்." "அப்ப 25 கிலோ வரணும். 24 வந்திருக்கு. அந்த ஒரு கிலோ?" "சிந்தியிருக்கும். இல்ல கருகியிருக்கும்." "அந்தச் சிந்தின கிலோவோட செலவை நல்லா இருக்கிற 24 கிலோ தலையில கட்டுவியா?" கட்டக்கூடாது. 2,600-ஐ 25-ஆல் வகுத்தால் கிலோ 104. நல்ல தூள் 24 கிலோவும் 104-க்கே போகும். சிந்தின ஒரு கிலோவின் 104 ரூபாய் அப்நார்மல் லாஸ் என்று தனியாக நின்று லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். பாக்டரியில் யார் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று கண்டுபிடிப்பதற்கே இந்தப் பிரிவினை. ஒளித்துவைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் 26. எனக்கு வேதியியல் தெரியாது, ஆனால் ஆபீஸில் பாக்டரிக் கணக்கு தெரியும். நூறு கிலோ கொழுந்துக்கு 26 கிலோ தூள் என்று எழுதிக் கொண்டுபோனால் பாக்டரிக்காரர் என்னை மேலும் கீழுமாகப் பார்ப்பார். நம் பக்கத்தில் 22-க்கும் 25-க்கும் நடுவில்தான் வரும். "எங்கயோ ரெண்டு கிலோ அதிகமா இருக்கு" என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கழித்தல் கணக்கு, இதில் என்ன தப்பு வரும்?

"நூறு கிலோவுல தண்ணி போகும், சரி. போகாதது எது?"

யோசித்தாள். "திடப்பொருள். 23 கிலோ."

"கடைசித் தூளிலும் அதே 23 கிலோதானே?"

"ஆமா."

"தூளில் ஈரம் 3 சதவீதம்னா திடப்பொருள் எத்தனை சதவீதம்?"

"97." பேனாவை எடுத்துவிட்டாள். 23-ஐ 0.97-ஆல் வகுத்தாள். 23.7. அவளுடைய பழைய 26 எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். 77 சதவீதம் என்பது நூறு கிலோவில். 3 சதவீதம் என்பது கடைசியில் வருகிற தூளில். வேறு வேறு கூடையில் இருக்கிற சதவீதத்தை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிட்டாள். எனக்கு இந்தத் தப்பு நன்றாகத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் ஈரக்கழிவுக் கணக்கில் நானே இதைச் செய்து, ஒரு வாரக் கொழுந்துப் பதிவேட்டை மறுபடி எழுதியிருக்கிறேன்.

அத்தோடு முடிந்திருக்கும். பி.காம். பையன் சும்மா இருக்கவில்லை. "அப்படின்னா சார், நார்மல் லாஸ் 75 இல்ல, 76.3. நார்மலா வரவேண்டியதே 23.7தான். எனக்கு 24 வந்திருக்கு. லாஸே இல்ல. அப்நார்மல் கெயின்!" பெண் உடனே, "புத்தகத்துல 75-ன்னு குடுத்திருக்கு, நீ எப்படி மாத்துவே?" என்றாள். "உன் புத்தகத்துல இருக்கிற ஈரத்தை வெச்சுத்தான் மாத்தறேன்." "கொழுந்துல ஈரம் தினம் ஒரே மாதிரியா இருக்கும்? மழையில பறிச்சா?" "அப்ப நார்மல்னு எதைச் சொல்றது?" நல்ல கேள்வி. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே கிளம்பினார்கள், வாசலில் ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். தாளில் அவன் 104 என்றுதான் எழுதிக் கொடுத்தான். கேட்டது அதுதான், கொடுத்த 75-ஐ வைத்துத்தான் போடவேண்டும். ஓரத்தில் பென்சிலால் 23.7 என்று குறித்திருந்தான். திருத்தியவர் அதன்மேல் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாராம்.

ஊரிலிருந்து எடுத்த மற்றக் கணக்குகள் இவ்வளவு ருசிக்காது, சட்டென்று சொல்லிவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கிளாசியஸ் – கிளாப்பிரான் சமன்பாட்டில் போட்டால் தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதிக்கும். நம் ஊர் கொஞ்சம் தாழ்வு, கொஞ்சம் கூடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று பாட்டிகளுக்குச் சமன்பாடு இல்லாமலே தெரியும். புள்ளியியலில் வரும் எடைச் சராசரிக்குக் கொழுந்துப் பணம் போதும். ஒரு மாதம் 100 கிலோ, விலை 30. அடுத்த மாதம் 400 கிலோ, விலை 18. சராசரி விலை 24 என்று சொல்லுகிற பிள்ளையிடம், "உங்கப்பா கைக்கு வந்த பணத்தை எடையால வகு" என்றால் 20 ரூபாய் 40 காசு வரும். கொழுந்து கொட்டுகிற மாதத்தில்தான் விலை விழும் என்பதை வீட்டில் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை.

முத்தொரை ரேடியோ தொலைநோக்கியை மட்டும் விட்டுவிட மனமில்லை. வானியலாளர் கோவிந்த் சுவரூப் தலைமையில் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒரு மலைச்சரிவில் படுத்துக் கிடக்கும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரும் பார்த்திருப்பார்கள், "பெரிய ஆண்டெனா" என்பார்கள். ஒரு பிள்ளை வானியல் விருப்பப்பாடத்தில் நேரக்கோணக் கணக்கோடு வந்தபோதுதான் அதைக் கேள்வியாகக் கேட்டேன்: அந்தச் சரிவு ஏன் 11 டிகிரி? அவளுக்குத் தெரியவில்லை. "ஊட்டி எந்த அட்சரேகையில இருக்கு?" 11 டிகிரிக்குச் சற்று மேல். வடக்குத் தெற்காகச் சாய்ந்த அந்தச் சரிவில் கிடக்கிற தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பூமி சுழலச் சுழல, அந்த ஓர் அச்சில் மட்டும் எதிர்த்திசையில் சுழற்றிக்கொண்டிருந்தால் வானில் ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். சரியான சாய்வுள்ள மலையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவள் அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து முத்தொரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பஸ்ஸிலிருந்து அது தெரியாது.

நான் கெடுத்த கதையும் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண், மாமியார் வீட்டுத் தொல்லை, கைக்குழந்தை, கடைசி வருஷப் படிப்பு என்று எல்லாம் ஒன்றாகச் சுமந்துகொண்டிருந்தாள். பிராஜெக்ட் எழுத நேரமில்லை. இரக்கப்பட்டு நானே இரண்டு இரவு உட்கார்ந்து முழுசாக எழுதிக் கொடுத்தேன். நல்ல பிராஜெக்ட், நான் என்றால் அதற்கு நல்ல மார்க் போடுவேன். வைவாவில் அவளிடம், "இந்த மூன்றாவது அட்டவணையில் ஏன் இந்த முறையை எடுத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே வந்தாள். திட்டினாலாவது பரவாயில்லை, திட்டவும் இல்லை. "நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீங்க சார்" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளைகளின் தாளில் நான் பேனா வைப்பதில்லை. என் மேஜையில் ஒரு பழைய எடை ரசீதுக் கட்டு கிடக்கிறது. அதன் முதுகில்தான் நான் எழுதிக் காட்டுவேன், காட்டிவிட்டு அங்கேயே கிழித்துப்போடுவேன். எழுதிக் கொடுக்கிற அந்த வேலையை இப்போது போன் செய்கிறது. தாளைப் படம் பிடித்தால் விடை வரியாக வருகிறது. நல்ல விடைகள்தான் பெரும்பாலும். கதையைச் சொல்லு என்று கேட்டால் போனும் சொல்லும், பிள்ளை சொல்லாது.

ஜார்ஜ் போல்யாவின் 'ஹவ் டு சால்வ் இட்' புத்தகம் எனக்குக் கிடைத்தது மிகவும் தாமதம். 1945-இல் வந்தது. கணக்கைப் புரிந்துகொள், திட்டம் போடு, செய், திரும்பிப் பார் என்று நாலு கட்டம் வைத்திருக்கிறார். முதல் கட்டத்தில் அவர் கேட்கும் கேள்விகளைப் பார்த்தபோது கொஞ்சம் எரிச்சல் வந்தது. நான் இத்தனை வருஷம் தடுமாறிக் கண்டுபிடித்ததை ஒரு ஹங்கேரிக்காரர் நான் பிறப்பதற்கு முன்பே அச்சடித்து வைத்திருக்கிறார். கடைசிக் கட்டம், திரும்பிப் பார்ப்பது, என்னிடம் இன்றைக்கும் பலவீனம். விடை வந்துவிட்டால் பிள்ளையைவிட எனக்குத்தான் பசி.

போன மாதம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பையன் ஒருவன் ரவுண்ட் ராபின் கணக்கோடு வந்தான். எனக்கு அந்தப் பாடத்தில் அ, ஆ தெரியாது. புத்தகத்தை முந்தின இரவு வாங்கிப் படிக்கவும் வாய்க்கவில்லை. "கதையைச் சொல்லு."

"ஒரே ஒரு கம்ப்யூட்டர் சார். மூணு வேலை வரிசையில நிக்குது. முதலாவதுக்கு 10 மில்லி செகண்ட் வேணும், ரெண்டாவதுக்கு 4, மூணாவதுக்கு 6. ஒவ்வொண்ணுக்கும் நாலு குடுப்பாங்க. முடியலன்னா வரிசையில கடைசிக்குப் போகணும்."

கொழுந்து எடைபோடுகிற வரிசையில் இப்படிச் செய்தால் பெண்கள் என்னை அடித்தே போடுவார்கள் என்றேன். சிரித்தான். காகிதத்தில் கோடு கிழித்திருந்தான். எது எப்போது ஓடுகிறது என்று சரியாகத்தான் போட்டிருந்தான். இரண்டாவது வேலை 8-இல் முடிகிறது, மூன்றாவது 18-இல், முதலாவது 20-இல். சராசரிக் காத்திருப்பு நேரம் 15.33 என்று எழுதியிருந்தான். நண்பனுக்கு வேறு விடை வந்திருக்கிறது, அதனால்தான் வந்தான்.

"ரெண்டாவது ஆள் எவ்வளவு நேரம் சும்மா நின்னான்?"

"எட்டுல முடிஞ்சான் சார்."

"எப்ப முடிஞ்சான்னு கேக்கல. சும்மா எவ்வளவு நேரம் நின்னான்?"

"நாலுலதான் அவன் முறை வந்துது. அப்ப நாலு…" பேனா கீழேதான் கிடந்தது. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நான் உள்ளே போய்விட்டேன்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது எழுதி முடித்திருந்தான். பத்து, நாலு, பன்னிரண்டு. கூட்டி மூன்றால் வகுத்து 8.67.

"இது சரியா சார்?"

"உன் பாடம்டா அது. எனக்கு எப்படித் தெரியும்?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு போனை எடுத்து நண்பனைக் கூப்பிட்டான். "டேய், நீ என்ன போட்டே? விடையை விடு, கதையைச் சொல்லு."